சத்தம் அடங்கினால் போதுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறும் லாரியின் அடியில், கியர்பெட்டியை ஒட்டிய முன் ஷாப்டின் மூட்டிலுள்ள 'கிராஸ்' தேய்ந்துவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். கடகடவென்று சத்தம் எழும். கிரீஸ் அடித்தால் சில நாள் அடங்கலாம். தேய்ந்த இரும்பு வளராது.

முறையான வேலையோ வேறு. ஷாப்டைக் கழற்றினால் கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. ஆகையால் முதலில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவேண்டும். இணைப்பில் கோடிட்டுக் கழற்றி, புதிய கிராஸ் போட்டு, கோடு பொருந்த மாட்டவேண்டும்.

கிரீஸ் மட்டும் அடித்து, "சரியாகிவிட்டது" என்னாமல் கூலி வாங்கினவன் பொய் சொன்னானா? அவன் வாய் சொல்லவில்லை. அடங்கிய சத்தம் அவனுக்காகச் சொல்லுகிறது. செலவுக்கு அஞ்சி அதையே கேட்ட முதலாளிக்கும் அதில் பங்குண்டு.

மூட்டு முறிந்து ஷாப்டு தரையில் குத்தினால், பக்கத்தில் சைக்கிளில் செல்லும் தொழிலாளிக்கும் ஆபத்து. அவன் இந்தப் பேரத்தில் கலந்தவனல்லன். அவனுக்கும் நாம் கடன்பட்டவர்கள் அன்றோ?