மன்றத்தில் எழும் மறுப்புக் குரல்

நோயுற்றவனுக்கு மருந்தளித்தல் அறம் என்பதில் ஐயுறுவார் இலர். அம்மருந்தை அவன் வேண்டாவென மறுப்பின் அறம் யாது? தனியொருவன் மறுத்தால் அது அவனோடு போயிற்று எனலாம். ஊரார் கூடிய மன்றத்தில் பலர் எழுந்து நின்று மறுத்தால் அரசு செய்யத்தக்கது என்ன?

கடல் கடந்து வாழும் நம்மவர், 2009 ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்க ஊர்க்கூட்டங்களில் எழுந்த ஆரவாரத்தை மறந்திரார். ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தத்தை விளக்க வந்த உறுப்பினர் பலரைப் பேசவிடாது மக்கள் முழங்கினர். முதியோர் பிழைக்கத் தக்கவரா என்று தீர்ப்புச் சொல்லக் குழுக்கள் வருமெனப் பொய்யுரையும் பரவிற்று. எனினும் 2010 மார்ச் 23-இல் அது சட்டமாயிற்று. கனடாவின் சஸ்காச்சுவன் மாகாணத்தில் 1962 ஜூலையில், அரசின் மருத்துவத் திட்டத்தை எதிர்த்து மருத்துவர்களே 23 நாள் பணி நிறுத்தினர். இன்று அதனை நீக்குவோம் என்றால் அந்நாட்டு மக்கள் பொறார். ஆகவே எதிர்ப்பவர் அறியாதவர், காலம் அவரைத் திருத்திவிடும் என்று முடிவுகட்டுவது எளிது. அவ்வளவு எளிதில் விட்டுவிடலாகாது என்பதே என் கருத்து.

பாலக்காட்டுச் சித்தூரிலும், இடுக்கி மலையின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அங்கே ஊர் மன்றம் சட்டத்தாலேயே அமைந்தது. 1994-ஆம் ஆண்டின் கேரள ஊராட்சிச் சட்டப்படி வார்டு வாக்காளர் அனைவரும் கிராம சபை உறுப்பினர். 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கிய காலந்தொட்டு ஆரம்ப சுகாதார நிலையமும் ஊராட்சியின் பொறுப்பிலேயே இயங்குகிறது. ஆதலின் மருத்துவம் பற்றிக் கேள்வி கேட்க அங்கு எவர்க்கும் உரிமை உண்டு.

2017 அக்டோபர் 3-இல் கேரளத்தில் தட்டம்மை, ரூபெல்லாத் தடுப்பூசி இயக்கம் தொடங்கிற்று. ஒன்பது திங்கள் முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஊசியிடல் வேண்டும். பாலக்காட்டை அடுத்த மலப்புறத்தில் எதிர்ப்பு மிகுதியாக இருந்தது. ஊசியிட்டால் நாளை மகப்பேறு வாய்க்காது என்னும் வதந்தி உலவிற்று. அது பொய், அதனைப் பொய்யென்று மன்றத்திலேயே உரைத்தல் கடமை. பெற்றோரின் மறுப்பு பெற்றோரைத் தாக்குவதில்லை, வாய்பேசாப் பிள்ளையைத் தாக்குகிறது என்பதையும் மறத்தலாகாது.

ஆயினும் பொய் ஏன் வேர்கொள்கிறது? 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரு முகாமில் மட்டும் 63,000-க்கும் மேற்பட்டோர்க்குக் கருத்தடை செய்யப்பட்டது. பரிசும் ஊக்கத்தொகையும் தந்தார்கள். வறியவனுக்கு அது எவ்வளவு விருப்பம், எவ்வளவு தேவை என்று பிரித்தறிதல் அரிது. நெருக்கடி நிலைக் காலத்தில் வடநாட்டில் வற்புறுத்தலே முறையாயிற்று. இவற்றைக் கேட்டு வளர்ந்தவன் அரசின் ஊசியைக் கண்டு அஞ்சுவானாயின், அவன் அறிவை மட்டும் பழிப்பது நீதியாகுமா? நம்பிக்கையும் ஒரு கடன்தான். வாங்கியவர் திருப்பித் தரவில்லையென்றால் மறுமுறை கேட்கையில் கதவு தாழிடப்படும்.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு தமிழ்த்தாய் சபையில் எழுந்து, “ஊசி நல்லதுன்னு சொல்றீங்க சார். ராத்திரியிலே பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டா எந்த டாக்டர் வருவாரு?” என்று கேட்பதாகக் கொள்வோம். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியைத் தோட்ட முதலாளியின் பொறுப்பாக்கியது. வேலை நீங்கினால் வீட்டோடு அந்த வசதியும் நீங்கும் அச்சத்தில் வாழ்பவள் அவள். அவள் கேட்டது எதிர்ப்பன்று. ஆனால் விளக்கம் மலையாளத்தில் நடக்க, கேள்வி தமிழில் எழ, இடையில் நிற்பவர் சுருக்கிச் சொல்ல, அது எதிர்ப்பாகவே குறிப்பேட்டில் ஏறக்கூடும். புரியாத மொழியில் தலையசைத்தவள் இசைந்தவளும் ஆகாள். இதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

2015-இல் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்று திரண்டு, கூலியும் போனசும் கேட்டுச் சாலையில் அமர்ந்தபோது, தங்கள் பேரால் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையே விலக்கி வைத்தனர். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அறைக்குள் எடுபடாத குரல்தான் அன்று சாலைக்கு வந்தது.

1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், அங்குள்ள தமிழர் அரசுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே மறுமொழி பெறவும் வழி செய்துள்ளது. கடிதத்திற்குக் கிடைத்த அவ்வுரிமை சபையில் எழுந்து நின்று கேட்கும் வாய்ச்சொல்லுக்கும் உண்டா என்று, ஊருக்குத் திரும்பும்போது நம் உறவினரைக் கேட்டுப் பாருங்கள்.