எரிந்த கட்சியின் நம்பிக்கை

வாழ்க்கை மாறிக்கொண்டே இருக்கையில் மனம் தளராமல் இருப்பது எப்படி என்ற கேள்விக்குச் சமய நூல்கள் தரும் விடைகள் பெரும்பாலும் துறவியையோ அரசனையோ முன்னிறுத்தியே சொல்லப்பட்டவை. நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் ஒருவருக்கு அவை எந்த அளவுக்குப் பொருந்தும் என்று ஆராய்வதற்கு, கண்டிக்கு வடகிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவில் அமைந்த பன்வில தகுந்த இடம். ஏனெனில் அவ்வூரையும் மடுல்கலையையும் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழருக்கு மாற்றம் என்பது தலைமுறைதோறும் வாசலில் வந்து நின்ற ஒன்று.

அம்மாற்றங்களில் முதலாவது கோப்பியின் அழிவு. 1869இல் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் இரண்டு தசாப்தங்களுக்குள் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை இல்லாமலாக்க, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பி பருவப் பயிர் என்பதால் தமிழ்நாட்டிலிருந்து அறுவடைக்கு வந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள், ஆண்டு முழுவதும் ஆள் கேட்கும் தேயிலைக்காக லயங்களில், அதாவது வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றை அறை வீடுகளில், நிலையாகத் தங்க நேர்ந்தது. பின்னர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதியைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது, 2003இல்தான் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது. இவற்றுள் பெரும்பாலானவை அம்மக்களைக் கேட்டுச் செய்யப்பட்டவை அல்ல.

பெரிய மாற்றங்களுக்கு ஆண்டுக்கணக்கு உண்டு. சிறியவை ஒரே நாளுக்குள் நிகழ்ந்து முடிகின்றன. விடியலில் ஆள் கணக்கெடுத்து எந்த மலைக்கு யார் போவது என்று பிரிக்கும் இடம் பிரட்டுக்களம். அங்கிருந்து புறப்படுபவர் பறித்த கொழுந்து நிறுவையில் குறித்த கிலோவை எட்டினால் ஒரு ‘பேர்’, எட்டாவிட்டால் ‘அரைப்பேர்’ என்று ஒரு நாளின் உழைப்பு பதிவாகிறது. மழை பொய்த்தாலோ, கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளைக் கத்தரித்துவிட்ட, மலையில் கொழுந்து இன்னும் திரளாதிருந்தாலோ, பறிப்பவரின் விரல்கள் எவ்வளவு விரைந்தாலும் நிறுவையின் முள் நகர்வதில்லை. மனத்தளர்ச்சி என்னும் தத்துவச் சிக்கல் இங்கே ஒவ்வொரு மாலையும் தராசில் ஏறுகிறது.

இச்சிக்கலுக்குத் தமிழ் மரபு தரும் முதல் விடை திருக்குறளின் 63ஆம் அதிகாரமாகிய இடுக்கண் அழியாமை. துன்பத்தின் முன் நகைக்கச் சொல்லும் அவ்வதிகாரம் மேடைகளில் எடுத்தாளப்படும் அளவுக்கு, அது நூலில் நிற்கும் இடம் கவனிக்கப்படுவதில்லை. வள்ளுவர் அதனைத் துறவறவியலில் வைக்கவில்லை; பொருட்பாலின் அரசியல் என்னும் பகுதியில், ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை ஆகியவற்றுக்குப் பின், பகுதியின் இறுதியாக வைத்திருக்கிறார். எனவே அந்த நகைப்பு, முயன்று, தடைபட்டு, மீண்டும் முயலவிருப்பவனின் நகைப்பே ஒழிய, முயற்சிக்கு மாற்றாகச் சொல்லப்பட்டது அன்று. இவ்வரிசையைப் பிரித்து அந்த ஓர் அதிகாரத்தை மட்டும் ஏழைக்கு எடுத்துச் சொல்வது உரைகாரர் செய்யத் தகாத செயல்.

சைவ சித்தாந்தம் இதனை இன்னும் நுட்பமாகப் பேசுகிறது. இருவினையொப்பு என்பது நல்வினைப் பயனில் மகிழ்ந்து மிகாமலும் தீவினைப் பயனில் வெறுத்துச் சோராமலும் இரண்டையும் ஒன்றாகக் காணும் உயிரின் பக்குவம். ஆயினும் வினைக் கொள்கை தோட்டங்களில் தவறாகவும் பயன்பட்டிருக்கக் கூடியது: தலையெழுத்து என்று சொல்லிவிட்டால் கேட்பவர் வாய் அடங்கிவிடும் அல்லவா? அதற்குச் சித்தாந்தமே மறுப்பும் தருகிறது. இப்பிறவியில் நுகர்வதற்கென வந்து சேர்ந்தது பிராரத்தம், நுகரும்போது புதிதாக ஈட்டுவது ஆகாமியம் என அது பிரித்துக் காட்டுவதால், வந்ததை அமைதியாக ஏற்பதும் இனிச் செய்வதைத் தேர்ந்து செய்வதும் ஒரே மனத்தில் முரணின்றி நிற்க இயலும். அக்கம்பக்கத்து விகாரைகளில் ஓதப்படும் ‘பிரித்’ என்னும் பௌத்தக் காப்போதலில் இடம்பெறும் மங்கல சுத்தம் என்னும் பாலிச் சூத்திரமும் இதற்கு அருகில் வருகிறது. இலாபம், நட்டம், புகழ், இகழ் முதலான எட்டு உலக இயல்புகள் தொடும்போது அசையாத உள்ளத்தை அது மங்கலங்களுள் ஒன்றாக எண்ணுகிறது. தமிழரும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் இம்மலைகளில் இக்கருத்து இரு சமயங்களிலும் ஒலிப்பது ஒன்றும் வியப்பன்று.

இந்நூல்களைக் கற்றவர் சிலரே. ஆனால் மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் நிகழும் காமன் கூத்து, எழுத்தறியாதவரும் பங்கேற்ற ஒரு தத்துவ விசாரணை என்று சொல்லத் தகும். அமாவாசைக்குப் பின் காமன் கம்பம் ஊன்றப்பட, மன்மதனாகவும் இரதியாகவும் வேடமேற்பவர்கள் காப்புக் கட்டி விரதம் இருக்க, தப்புப் பறையின் அடிக்கு இருவரும் ஆடி வருவார்கள். இரதியும் ஆண் ஏற்கும் வேடமே. சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை இரதி தடுக்கிறாள், அவன் கேளாமல் போகிறான், நெற்றிக்கண் திறக்கிறது, அவன் எரிகிறான். கூத்தின் கனம் எரிப்பில் இல்லை. அதற்குப் பிறகு எழும் இரதியின் புலம்பலில் இருக்கிறது. லயத்தில் அண்மையில் ஒரு சாவு நேர்ந்திருந்தால் அந்த ஒப்பாரி யாருடையது என்று பிரித்தறிவது கடினம். அழுகையை யாரும் அவசரப்படுத்துவதில்லை. அது முடிந்த பின்னரே மன்மதனின் மீட்பு வருகிறது. அந்த மீட்பும் முழுமையானதன்று: புராணத்தின்படி அவன் உடலற்ற அனங்கனாக, இரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிபவனாகவே திரும்புகிறான்.

இழந்தது அப்படியே திரும்பாது, வேறோர் உருவில் ஏதோ ஒன்று மிஞ்சும் என்பதே இக்கதை அளிக்கும் நம்பிக்கை. இரண்டு நாடுகளுக்கிடையே குடும்பம் பிரிந்து, போனவரும் இருந்தவரும் கடிதங்களில் மட்டும் உறவாடிய ஒரு சமூகத்துக்கு இதைவிடத் துல்லியமான ஆறுதல் வேறு எந்த நூலில் கிடைத்திருக்கும் என்று சொல்வது அரிது.

தமிழ்நாட்டில், குறிப்பாகத் தஞ்சைப் பகுதியில், இக்கதையை ஒட்டி லாவணி என்னும் வாதப் பாட்டு வழங்கியது. மன்மதன் எரிந்தான் என்று வாதிடுவோர் எரிந்த கட்சி, எரியவே இல்லை என்போர் எரியாத கட்சி. நேர்மறைச் சிந்தனை என்ற பெயரில் நார்மன் வின்சென்ட் பீல் 1952இல் வெளியிட்ட நூலைத் தொடர்ந்து உலகெங்கும் பெருகிய தன்னம்பிக்கை எழுத்தின் பெரும்பகுதி எரியாத கட்சியைச் சேர்ந்தது. துன்பத்தைத் துன்பம் என்று எண்ணாவிட்டால் அது இல்லையாகிவிடும் என்பதே அதன் அடிக்கருத்து. அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் வெளியான தம் சமய அனுபவ நூலிலேயே இதன் எல்லையைக் காட்டிவிட்டார்: தீமையைப் பாராமல் வாழும் இயல்பு இயலும்வரை நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் பெருந்துயர் வந்த நாளில் அதனிடம் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை என்பது அவர் கருத்தின் சாரம். மாசிக் கூத்தை ஆடுபவர்கள் எரிந்த கட்சியினர். எரிந்ததை ஒப்புக்கொண்ட பிறகே அவர்கள் மீள்வதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

தோட்டத்தைப் பற்றிப் பேச வருவோர் கவ்வாத்தை உவமையாக்கி, வெட்டுப்பட்ட செடி மீண்டும் துளிர்ப்பதுபோல மனிதரும் துளிர்க்க வேண்டும் என்று அறிவுரை கூறுவதுண்டு. செடியை வெட்டுவது கொழுந்துக்காக, வெட்டுபவரின் கணக்குக்காக. அதனிடம் யாரும் இசைவு கேட்பதில்லை என்பதை அவ்வுவமை மறைத்துவிடுகிறது. மனிதர் இசைவு மறுக்கவும் செய்வர். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கை 2021இல் நிறைவேறும் வரை மலையகத் தோட்டங்களில் பல ஆண்டுகள் விடாமல் எழுப்பப்பட்டது. வந்ததை ஏற்கும் பழக்கமுள்ள மக்கள் உரிமை கேட்கமாட்டார்கள் என்று எண்ணியிருந்தவர்கள் பிராரத்தத்துக்கும் ஆகாமியத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவர்கள். சம்பளம் கேட்டு வேலையை நிறுத்திய தோட்டங்களிலும் மாசி பிறந்தால் கம்பம் ஊன்றப்பட்டது.