அவரவர் வீட்டுக்கு நேரே



எருசலேம் நகரின் மதில் இடிந்து, அதன் வாயில்கள் தீக்கிரையாகிக் கிடந்த காலத்தில், நெகேமியா அதனை மீண்டும் கட்டியெழுப்பிய வரலாற்றைப் பழைய ஏற்பாட்டிலே வாசிக்கிறோம். அந்நூலின் மூன்றாம் அதிகாரம் வெறும் பெயர்ப் பட்டியல் என்றெண்ணிப் பலர் அதைக் கடந்து போய்விடுவர். நிதானித்து வாசிப்போருக்கு அதில் அரியதொரு பாடம் உண்டு. தலைமைக் குருவும் அவருடைய சகோதரக் குருக்களும் ஆட்டு வாயிலைக் கட்டினார்கள். தட்டாரும் வாசனைத் தைலம் செய்வோரும் வணிகரும் ஆளுக்கொரு பகுதியைப் பொறுப்பேற்றார்கள். அதிகாரி ஒருவர் தம் புதல்வியரையும் கூட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். பலர் அவரவர் வீட்டுக்கு நேரே இருந்த பகுதியைச் செப்பனிட்டார்கள். தெக்கோவா ஊர்ப் பெருமக்கள் மாத்திரம் தோள் கொடுக்க மறுத்தார்கள். அதே ஊரின் சாதாரண மக்களோ தங்கள் பகுதியை முடித்தபின் இன்னொரு பகுதியையும் கட்டினார்கள். 52 நாட்களில் மதில் எழுந்து நின்றது.

நம் ஊர்களிலும் இவ்வாறு எல்லாரும் சேர்ந்து எழுப்ப வேண்டியது ஒன்று உண்டு. அதுவே நம் சின்னஞ்சிறார் படிக்கும் ஆரம்பப் பாடசாலை.

நம் நாட்டின் பல கத்தோலிக்க ஊர்களில் கோவிலும் பள்ளிக்கூடமும் ஒரே வளவிலே எழுந்தவை. 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களினால் உதவிபெறும் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை அரசின் பொறுப்புக்குச் சென்றன. பாடநூலும் சீருடைத் துணியும் இன்று அரசே தருகிறது, அது நன்மையே. ஆயினும் அத்தோடு, "பள்ளிக்கூடம் அரசாங்கத்தினுடையது, படிப்பிப்பது வாத்தியாருடைய வேலை" என்ற எண்ணமும் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கட்டடத்தின் திறப்பு கைமாறியது உண்மை. பிள்ளை கைமாறவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28ஆம் நாள் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில், பிள்ளைகளின் முதலாவதும் முதன்மையானதுமான ஆசான்கள் பெற்றாரே என்று தெளிவாகக் கற்பிக்கிறது. அவர்கள் இக்கடமையில் தவறினால் அந்த இடத்தை வேறொருவர் நிரப்புதல் மிக அரிது என்றும் அது எச்சரிக்கிறது. ஆசிரியர்களிடம் பெற்றாரோடு சேர்ந்து உழைக்குமாறு கேட்பதும் அதே அறிக்கைதான். ஆகவே வீடும் பாடசாலையும் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு கைகள்.

நடப்பது என்ன? வசதியுள்ளோர் தம் பிள்ளைகளை வானில் ஏற்றிப் பட்டணத்துப் பாடசாலைக்கு அனுப்புகிறார்கள். கடற்றொழிலாளியின் பிள்ளையும் கூலிக்குப் போகும் தாயின் பிள்ளையும் ஊர்ப் பாடசாலையில் எஞ்சுகிறார்கள். இடாப்பில் பெயர்கள் குறையக் குறைய ஆசிரியர்களும் குறைகிறார்கள்; பின்னர் பாடசாலையை மூடிவிடலாம் என்ற பேச்சு எழுகிறது. படித்தவர்களும் பதவியில் உள்ளவர்களும் விலகி நின்றுகொண்டு, "அங்கே படிப்பில்லை" என்று சொல்வது தெக்கோவாப் பெருமக்களின் போக்கல்லவா? உங்கள் பிள்ளை அங்கே படிக்காவிட்டாலும் அயல்வீட்டுப் பிள்ளை படிக்கிறது. அந்தப் பாடசாலையும் உங்கள் வீட்டுக்கு நேரே இருக்கும் மதில்தான்.

இன்னொன்றையும் சிந்திப்போம். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியெய்திய பிள்ளையின் படத்தைப் படலையிலே மாட்டி மகிழ்கிறோம். மகிழ வேண்டியதுதான். ஆனால் மூன்றாந் தரத்துக்கு வந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாமல் பின்வாங்கிலே மௌனமாக இருக்கும் பிள்ளையைப் பற்றி யார் பேசுகிறார்கள்? காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடிச் சென்ற ஆயனின் சீடர்கள் நாம். ஒரு பாடசாலை முன்னேறுகிறதா என்பதை அந்தப் பிள்ளையை வைத்தே அளக்க வேண்டும்.

அந்தப் பிள்ளையை ஆசிரியர் தனித்துக் கைதூக்கிவிட முடியாது. பெற்றாரும் தனித்து முடியாது. ஆசிரியரே, குறையைக் காலத்தோடு பெற்றாருக்கு அறிவியுங்கள். பிறர் முன்னிலையில் தலைகுனிய வைத்து அறிவிக்காதீர்கள். கடலால் வந்த சாரத்தோடே வாசலில் நிற்கும் தந்தைக்கு ஓர் ஆசனம் கொடுங்கள். பணம் சேர்க்க மாத்திரம் பெற்றாரை அழைத்தால் அவர்கள் வரத் தயங்குவார்கள். சேர்த்த பணத்துக்குக் கணக்கை எல்லாருக்கும் முன் வாசித்துக் காட்டினால் அடுத்த முறை அழையாமலே வருவார்கள்.

பெற்றாரே, பிள்ளை கேட்க ஆசிரியரைப் பழித்துப் பேசாதீர்கள். வீட்டிலே மதிப்பிழந்த ஆசிரியரிடம் வகுப்பிலே எந்தப் பிள்ளையும் கற்காது. முறைப்பாடு இருந்தால் நேரே சென்று பணிவோடு பேசுங்கள். கூட்டங்களுக்குத் தாய்மாரை மாத்திரம் அனுப்பிவிட்டுத் தந்தையர் ஒதுங்கியிருப்பது முறையன்று. இரவிலே செபமாலை முடிந்ததும் கால்மணி நேரம் பிள்ளையை உரத்து வாசிக்கச் செய்யுங்கள். எழுத்தறியாத தாயும் பக்கத்தில் அமர்ந்து செவிமடுக்கலாம். அம்மா கேட்கிறாள் என்பதே பிள்ளைக்குப் பெரிய ஊக்கம்.

தச்சருக்கு உடைந்த வாங்கு இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு மாலையில் ஒரு மணி நேரம் இருக்கிறது. இளைஞருக்குச் சிரமதானம் இருக்கிறது. பங்கு மக்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு முழம் மதில் காத்திருக்கிறது.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வரும்போது, "அதற்கென்ன, மற்றவர்கள் போவார்கள்" என்று இருந்துவிடாதீர்கள். எழுந்து செல்லுங்கள். சிறுவரைத் தம்மிடம் வரவிடுமாறு பணித்த ஆண்டவர், அவர்களுக்காகக் கல் சுமக்கும் உங்கள் கரங்களை ஆசீர்வதிப்பாராக.