யாருக்குப் பட்ட கடன்?

நெய்வேலியை ஒட்டிய எங்கள் வடக்குத்து ஊரில் ‘டியூட்டி’ என்ற சொல் காதில் விழாமல் பொழுது விடியாது. “அப்பா டியூட்டிக்குப் போயிருக்கார்” என்றால் ஆள் சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ இருக்கிறார். “இன்னிக்கு என்ன டியூட்டி?” என்றால் எந்த ஷிப்ட் என்று கேள்வி. “அது என் டியூட்டி இல்ல” என்றால் வேறு ஆளைப் பார். மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில் இன்னொரு பொருள்: பையன் பெர்மனெண்டா, கான்ட்ராக்டா?

நான் பார்த்தது பம்ப் டியூட்டி. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இராப்பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளத்தையே பிளந்துகொண்டு மேலே வரும். அதனால் ரிலீவர் வராமல் இடத்தை விட்டு நகரக் கூடாது. தீபாவளியோ துக்கமோ, தண்ணீருக்குத் தெரியாது.

டியூட்டியைத் தமிழில் கடமை என்போம். பலனில் கண் வைக்காமல் கடமையைச் செய் என்கிறது கீதை. வள்ளுவர் ஒப்புரவறிதலில் மழையைக் காட்டுகிறார். அது கைம்மாறு கேட்பதில்லை. இரண்டும் பெரிய பேச்சு, மறுக்கவில்லை. ஆனால் மழைக்கு வீட்டு வாடகை கிடையாது. அர்ச்சுனன் அரச குலத்தவன். அந்த உபதேசத்தை எடுத்து ஒப்பந்தத் தொழிலாளியிடம் நீட்டுகிறவர்களின் சம்பளம் மட்டும் மாதம் பிறந்தால் தவறாமல் வந்துவிடுகிறது.

சோழர் கல்வெட்டுகளில் ‘கடமை’ என்றால் நிலவரி. ஆங்கிலத்திலும் டியூட்டி என்பது வரிக்கும் பெயர். அதன் வேரும் கடன்படுவதுதான். ஆகவே கடமை என்று யாராவது சொன்னால், யார் யாருக்குப் பட்ட கடன் என்று கேட்பதே முறை. நாம் கேட்பதில்லை. வாங்குகிறவன் பக்கமிருந்தே அந்தச் சொல் நம்மிடம் வருகிறது.

பக்கத்து வடலூரில் அப்படிக் கேட்ட ஒருவர் இருந்தார். 1867-இல் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. ஞானசபை அதன்பின் 1872-இல்தான். முதலில் சோறு, அப்புறம் ஜோதி. பசித்தவனுக்கு எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம் என்பதே அவர் கணக்கு. பசித்தவனிடம் போய்ப் பற்றற்றிரு என்று அவர் சொல்லவில்லை.

1956-இல் நெய்வேலிச் சுரங்க நிறுவனம் வந்தபோதும் நிலம் கொடுத்தவர்கள் இந்தப் பக்கத்துக் கிராமத்தார்தான். அந்த நிலத்துக்கு அடியிலிருந்து எடுத்ததை எரித்துக் கிடைக்கும் மின்சாரம் அண்டை மாநிலங்களுக்கும் போகிறது. அப்படியானால் கடன் எந்தப் பக்கம்?

இராமுழுக்கக் கண் விழித்தவன் நிரந்தர வேலையும் நியாயமான கூலியும் கேட்பதை ஆசை என்று எந்தச் சாத்திரத்தை வைத்தும் சொல்ல முடியாது. அது கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பது. முதலில் அதைத் தீருங்கள். பலனை எதிர்பாராத கடமையைப் பற்றி அதன்பிறகு பேசலாம்.