நின்றுவிடும் உரிமை

மராத்தன் ஓடுகிறவர்கள் எதற்காக ஓடுகிறார்கள் என்று அறிய, 1993இல் மாஸ்டர்ஸ், ஓக்ல்ஸ், ஜோல்டன் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 56 வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். உடல்நலம், எடை, போட்டி, பிறர் பாராட்டு என்று நோக்கங்கள் அதில் 9 வகை. இதை வைத்து நடந்த ஆய்வுகள் பலவற்றில் ஆண்கள் போட்டிக்கும், பெண்கள் எடைக்கும் மன ஆறுதலுக்கும் கூடுதல் மதிப்பெண் தந்திருக்கிறார்கள். இதிலிருந்து ஆணின் இயல்பு இன்னது, பெண்ணின் இயல்பு இன்னது என்று முடிவு கட்டுவதுதான் எனக்கு உறுத்துகிறது. நோக்கம் என்பது ஓடுகிறவரின் மனசுக்குள் ஏற்கனவே தயாராக இருக்கிறது என்ற அனுமானம் அதன் அடியில் இருக்கிறது.

1967 பாஸ்டன் மராத்தனில் காத்ரின் ஸ்விட்சர் என்ற 20 வயது மாணவி, கே. வி. ஸ்விட்சர் என்று பதிவு செய்துகொண்டு, 261ஆம் எண்ணுடன் ஓடினார். வழியில் நிர்வாகி ஒருவர் பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பிய்க்கப் பார்த்தார். உடன் ஓடிய நண்பர் அவரை இடித்துத் தள்ளினார். ஆசைப்பட்டு ஓட வந்தவர்தான் ஸ்விட்சர். ஆனால் அதற்குப் பிறகு, தான் நின்றுவிட்டால் பெண்ணால் முடியாது என்று சொல்லிவிடுவார்கள் என்பதற்காகவே முடித்தாக வேண்டியிருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். நோக்கம் ஓட்டத்தின் நடுவில் மாறிவிட்டது. மாற்றியது வேறொருவர் கை.

அந்தப் பயம் வீணல்ல. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கான 800 மீட்டர் இறுதி ஓட்டத்தை 9 பேரும் ஓடி முடித்தார்கள். பலர் சுருண்டு விழுந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. 1960 வரை அந்த ஓட்டம் பெண்களுக்கு இல்லாமல் போயிற்று.

ஆலன் சில்லிட்டோவின் 'நெடுந்தூர ஓட்டக்காரனின் தனிமை' (1959) கதையில், சீர்திருத்தப் பள்ளிப் பையன் ஸ்மித், ஜெயிக்கக்கூடிய ஓட்டத்தில் வேண்டுமென்றே தோற்கிறான். அதைச் சுதந்திரம் என்றே வாசிக்கிறோம் (நானும் அப்படித்தான் வாசித்தேன்). ஸ்மித் நின்றால் நிற்பது ஸ்மித் மட்டும். ஆண்வர்க்கம் முழுவதும் அல்ல. ஸ்விட்சருக்கு இது கிடைக்கவில்லை. காரணம் சொல்லாமல் விட்டுவிட முடிவதுதான் பொழுதுபோக்கின் குறைந்தபட்ச லட்சணம் என்றால், அன்று அவர் முடித்த ஓட்டம் பொழுதுபோக்கே அல்ல.

எடைக்காக, மன ஆறுதலுக்காக என்று பெண்கள் குறிக்கும் பதிலில் எவ்வளவு அவர்களுடைய நோக்கம், எவ்வளவு ஒரு மணி நேரம் வெளியே போக வீட்டில் காட்டவேண்டிய காரணம்? போட்டிக்காக என்று சொல்லும் ஆணும் தனக்குச் சொல்லிக்கொடுத்ததையே சொல்லக்கூடும். ஆனால், சும்மா ஓடினேன் என்று அவன் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.