கனக்கும் பனி

நம் கவிதைகளில் பனிக்குக் கனம் கிடையாது. புல் நுனியில் நிற்கும். வெயில் ஏறினால் போய்விடும். நியூயார்க்கில் 1888 மார்ச் 11 ஞாயிறன்று மழையாகப் பெய்து, நள்ளிரவுக்குப் பின் பனியாக மாறியது வேறு வஸ்து. குளிர்காலத்தின் கடைசியில், உறைநிலையை ஒட்டிய காற்றில் இறங்கும் பனி பாதி உருகியே விழுகிறது. அந்த ஈரமே அதற்குப் பசை. கிளையிலும் கம்பியிலும் அப்பிக்கொள்கிறது. பிறகு குளிர் கூட, அப்பியது இறுகுகிறது. தந்திக் கம்பங்கள் சாய்ந்தன. ரயில்கள் நடுவழியில் புதைந்து நின்றன. பக்கத்திலிருக்கும் பாஸ்டனுக்குச் செய்தி, கடலடிக் கம்பியில் லண்டனைச் சுற்றிப் போயிற்று. வடகிழக்குக் கரையோரம் முழுவதும் இறந்தவர்கள் சுமார் 400 பேர்; அதில் பாதி நியூயார்க் நகரில்.

இதைப் படிக்கையில் என் மனம் தானாகவே நீதிக்கதைகளைப் பொறுக்கத் தொடங்கியதைக் கவனித்தேன். மார்ச் 12 காலை நியூயார்க் ஹெரால்டில் வால்ட் விட்மனின் கவிதை ஒன்று வெளியாகியிருந்தது: வசந்தத்தின் முதல் டாண்டிலியன் பூவைப் பற்றி. முன்னாள் செனட்டர் ராஸ்கோ கான்க்ளிங் வால் தெருவிலிருந்து பனியில் நடந்தே கிளம்பி, வழியில் விழுந்து, ஏப்ரலில் இறந்தார். கம்பிகளைப் பூமிக்கடியில் பதிக்கவேண்டும் என்ற சட்டம் 1884லேயே வந்திருந்தது, கம்பெனிகள் தட்டிக்கழித்தன. கவிஞனுக்குக் கேலி, கர்விக்குத் தண்டனை, கம்பெனிக்குத் தீர்ப்பு. பனி எவ்வளவு சாமர்த்தியமாக எழுதுகிறது!

பனி எதையும் எழுதவில்லை. கவிதை அன்று பொய்யாகிவிடவும் இல்லை. கம்பெனிகளின் குற்றம் உண்மையானது. ஆனால் புயலுக்கு முந்தைய நான்கு வருஷங்களில், வானம் தெளிந்திருந்த நாட்களிலும் அது இதே அளவில்தான் இருந்தது. கம்பம் விழாதிருந்தால் அதைக் குற்றம் என்று நாம் பேசியிருக்க மாட்டோம் என்பது நம்மைப் பற்றிய செய்தி. விளைவைப் பார்த்துத் தவறை அளப்பவன், விளைவு வராதவரை எல்லோரையும் மன்னித்துவிடுகிறான். இயற்கையை நீதிபதியாக்குவதில் இந்தச் சௌகரியம் இருக்கிறது: தீர்ப்பு வரும்வரை நாம் சும்மா இருக்கலாம்.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. போகாவிட்டால் கூலி போய்விடும், வேலையும் போய்விடும் என்று பயந்து அந்தத் திங்கட்கிழமை வீட்டைவிட்டு இறங்கியவர்கள் அநேகர். அவர்களிடம் கர்வமும் இல்லை, மீறிய சட்டமும் இல்லை. எந்த நீதிக்கதைக்கும் அவர்கள் பொருந்தவில்லை. கான்க்ளிங்குக்கு மாடிசன் சதுக்கத்தில் சிலை இருக்கிறது. இவர்கள் 400 என்ற எண்ணுக்குள் இருக்கிறார்கள்.

அர்த்தம் தேடாமல் எழுத்து இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அர்த்தத்துக்கு இணங்கும் சாவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை எண்ணிக்கைக்குத் தள்ளுவது ரசனை சம்பந்தப்பட்ட காரியம் மட்டுமல்ல, அநீதி. இதைச் சொல்வதற்குக்கூட அவர்களை உதாரணமாகத்தான் நான் உபயோகித்திருக்கிறேன். அதற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை.