பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள்



1957-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 4-ஆம் தேதி காலையில், அமெரிக்காவின் ஆர்க்கன்ஸா மாநிலத் தலைநகரான லிட்டில் ராக்கில், பள்ளியின் முதல் நாளுக்கென்று வீட்டிலேயே தைத்த புது உடையை உடுத்திக்கொண்டு, எலிசபெத் எக்ஃபோர்டு என்ற பதினைந்து வயதுப் பெண் தன்னந்தனியாக நடந்து வந்தாள். பொதுப் பள்ளிகளில் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்துவைப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தீர்ப்பின் பயனாக, அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்துவந்த சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த ஒன்பது கறுப்பின மாணவர்களில் அவள் ஒருத்தி. ஒன்பது பேரும் ஓரிடத்தில் கூடிச் சேர்ந்தே போவதென்று ஏற்பாடாகி, மற்ற வீடுகளுக்கெல்லாம் தகவல் போயிற்று. எலிசபெத்தின் வீட்டில் தொலைபேசி இல்லாததால் அந்தச் செய்தி அவளுக்கு மட்டும் எட்டவில்லை.

பள்ளி வாசலில் மாநில ஆளுநர் நிறுத்திவைத்திருந்த படைவீரர்கள், அவளை உள்ளே விடாமல் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினார்கள். அவள் திரும்பி நடந்தாள். பின்னால் ஒரு பெருங்கூட்டம், அதில் அவள் வயதுப் பெண்களும் பேரப்பிள்ளை எடுத்த வயதுக் கிழவிகளும் கலந்திருக்க, நா கூசும் வசைகளைச் சொல்லிக்கொண்டும், மரத்தில் தூக்கிலிட வேண்டும் என்று கூவிக்கொண்டும், பஸ் நிறுத்தம் வரை அவளைத் தொடர்ந்து வந்தது. அங்கே கிடந்த ஒரு பெஞ்சியில் அவள் உட்கார்ந்தாள். வாய் பேசவில்லை, யாரையும் ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை.

கூட்டம் பின்தொடர அவள் நடந்தபோது எடுத்த புகைப்படம் உலகப் பிரசித்தம். ஆனால் அந்தப் படத்துக்குள் வராத இரண்டு பேரைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறேன்.

ஒருவர், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் கல்வித் துறை ஆசிரியரான பெஞ்சமின் ஃபைன். செய்தி எழுத வந்தவர், குறிப்பேட்டை ஒதுக்கிவிட்டு அவளருகே உட்கார்ந்து, தோளை அணைத்தபடி, இவர்கள் கண்முன் அழுதுவிடாதே என்று மெல்லச் சொன்னார். மற்றவர் கிரேஸ் லார்ச் என்ற வெள்ளைக்கார அம்மாள். அவ்வூரில் கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரி ஒன்றில் கணிதம் போதித்துவந்த பேராசிரியரின் மனைவி. அவர் கூட்டத்தை நோக்கி, இன்று செய்வதற்காக நீங்களே வெட்கப்படும் நாள் வரும் என்று கடிந்து பேசினார். வாடகைக் கார் வரவழைக்கலாமென்று எதிரே இருந்த மருந்துக் கடைக்குப் போனார், கதவைச் சாத்திவிட்டார்கள். கடைசியில் பஸ் வந்ததும் எலிசபெத்துடன் தாமும் ஏறிக்கொண்டு அவ்விடத்தை விட்டு அவளை அகற்றினார்.

பொது ஸ்தலத்தில் ஒருவருடைய நிறத்தையோ முக அமைப்பையோ பிறந்த மண்ணையோ சொல்லி இன்னொருவர் நிந்திக்கும்போது, அருகில் நிற்கும் சாமானியராகிய நாம் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி எழும்போதெல்லாம், நம்முடைய கவனம் முழுவதும் நிந்தித்தவன்மேலேயே போய் விழுகிறது. அவனுக்கு என்ன பதில் சொல்வது, எப்படி மடக்குவது, சொன்னால் திருந்துவானா, அடித்துவிட்டால் என்ன செய்வது என்றெல்லாம் மனத்துக்குள்ளேயே ஒரு பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கும்போது, நாம் இறங்க வேண்டிய இடம் வந்துவிடுகிறது. சைக்கிள் மோதி ஒருவர் கீழே விழுந்தால், மோதியவனைத் துரத்துவதற்கு முன் விழுந்தவரைத் தூக்குகிறோமே, அந்த முறையை இங்கே மட்டும் ஏன் தலைகீழாக்குகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை. ஃபைன் அந்தக் கூட்டத்தோடு வாதாடவில்லை. உட்கார்ந்தார், அவ்வளவுதான். லார்ச் அம்மாள் வாதாடினார். அதனால் கூட்டம் கலைந்துவிடவில்லை. அவருடைய பேச்சைக் காட்டிலும் அவர் பஸ்ஸில் உடன் ஏறியதே அந்தப் பெண்ணுக்குப் பெரிய சகாயம் என்று நான் எண்ணுகிறேன்.

அந்தப் புகைப்படத்தில் எலிசபெத்துக்குப் பின்னால் முகம் கோணக் கூச்சலிடும் பெண்ணும் அப்போது பதினைந்து வயதுச் சிறுமிதான். சில ஆண்டுகளுக்குப் பிறகு அவள் தானாகவே தொலைபேசியில் அழைத்து எலிசபெத்திடம் மன்னிப்புக் கேட்டாள். நிந்தித்தவர் மனம் திரும்புவது நடவாத காரியமல்ல. ஆனால் அதற்கு வருஷங்கள் பிடிக்கின்றன, நிந்திக்கப்பட்டவருக்கோ அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு துணை வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்லும்போது, துணை நிற்பதில் ஆபத்தே இல்லை என்று ஆசை காட்டவும் நான் விரும்பவில்லை. அடுத்த மாதமே செனட் சபையின் உபகுழு ஒன்று லார்ச் அம்மாளை விசாரணைக்கு அழைத்தது; அவர் வீட்டில் வெடிமருந்து வைத்தார்கள்; கணவருக்கு வேலை போயிற்று; முடிவில் அந்தக் குடும்பம் கனடாவில் போய்க் குடியேறியது. எல்லோரும் லார்ச் அம்மாளாக முடியாது, ஆகவும் வேண்டியதில்லை. கை ஓங்குகிற கூட்டமாக இருந்தால் தனியே எதிர்த்து நிற்பது விவேகமல்ல. அப்போது பக்கத்திலிருக்கும் இன்னும் இருவரை எழுப்பித் துணை சேர்த்துக்கொள்வதும், ரயிலானால் 139 என்ற எண்ணிலும் மற்ற இடமானால் 112 என்ற எண்ணிலும் தகவல் சொல்வதும் கோழைத்தனம் ஆகாது.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். 2014-ஆம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசியில், நம் நாட்டின் தலைநகரில், அருணாசலப் பிரதேசத்து மாணவர் ஒருவருடைய தலைமயிரைப் பார்த்துக் கடைக்காரர்கள் செய்த கேலியில் ஆரம்பித்த தகராறு, அவரை அடித்ததில் முடிந்து, மறுநாள் அந்த இளைஞரின் உயிரையும் கொண்டுபோயிற்று. வெறும் கேலிதானே என்று சொல்பவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். நம்முடைய ஊர்களிலும், மணிப்பூரிலிருந்தோ மிஜோரத்திலிருந்தோ வந்து ஓட்டலிலும் அழகு நிலையத்திலும் உழைப்பவர்களைச் ‘சப்பை மூக்கு’ என்றும், பீஹாரிலிருந்து வந்து சித்தாள் வேலை செய்பவர்களை ‘வடக்கன்’ என்றும், அவர்கள் காதில் விழும்படியே சொல்கிறோம். பாஷை புரியாது என்று நமக்கு ஒரு தைரியம். பாஷை புரியாவிட்டாலும் சிரிப்புப் புரியும்.

இப்படி ஒரு சந்தர்ப்பம் ரயில் பெட்டியில் நேரும்போது செய்யக்கூடியது மிகச் சிறிய காரியமே. சற்று நகர்ந்து அவருக்கு இடம் விடலாம். ‘எந்த ஸ்டேஷன் இறங்கணும், தம்பி?’ என்று, தெரிந்த நாலு வார்த்தையையும் கையையும் சேர்த்துக் கேட்கலாம். அவர் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டால், வசை பேசியவன் சம்பாஷணைக்கு வெளியே நிற்கிறான். அதோடு நிறுத்திக்கொள்வதும் நாகரிகந்தான். நடந்ததற்காக நாடே வெட்கப்படுகிறது என்று நீண்ட பிரசங்கம் செய்து, நம்மைச் சமாதானப்படுத்தும் பாரத்தையும் அவர் தலையிலேயே ஏற்றிவிடக் கூடாது. பின்னர் அனுமதி கிடைத்து, சென்ட்ரல் பள்ளியில் எலிசபெத் படித்த அந்த ஒரே வருஷத்தில், பேச்சுப் பயிற்சி வகுப்பில் இரண்டு வெள்ளைக்கார மாணவர்கள் அவளுடன் சாதாரணமாக, மற்ற எவரோடும் பேசுவதைப்போலப் பேசிவந்தார்கள். வேறெதுவும் செய்துவிடவில்லை. பல பத்தாண்டுகள் கழித்தும் எலிசபெத் அதை நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

அந்நியனைத் திருத்தும் பொறுப்பிலிருந்து நம்மை நான் விடுவித்துவிட்டாலும், வீட்டு மனிதர் விஷயத்தில் அப்படி விடுவிக்க மனம் வரவில்லை. கல்யாணப் பந்தியில், பரிமாற வந்த வடநாட்டுப் பையனைப் பார்த்து நம் மாமாவே ஒரு சொல்லை உதிர்த்துவிட்டு, எல்லோரும் சிரிப்பார்கள் என்று இலையிலிருந்து தலை நிமிர்த்துகிறார். அந்தச் சொல்லுக்கு உயிர் கொடுப்பது நம்முடைய மரியாதைச் சிரிப்பு. அதைக் கொடுக்காமல், குரலை உயர்த்தாமல், ‘மாமா, அந்தப் பேச்சு வேண்டாமே’ என்று சொல்லலாம். பையனிடம் திரும்பி, அவன் ஊற்றிய ரசத்துக்கு நன்றியும் சொல்லலாம். மாமா முகம் சுருங்கும்; இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவர் என்ற பயமே இல்லை என்று அத்தையிடம் முறையிடுவார்; அடுத்த கல்யாணத்தில் நம் பந்தியில் உட்காராமலே போனாலும் போவார். ஆனால் எங்கே உட்கார்ந்தாலும், அந்தச் சொல்லை மறுபடி எடுக்குமுன் பக்கத்து இலையில் இருப்பவர் யார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வார்.